நகராட்சி வாங்கும் கடனுக்கு எது ஈடு?

கேள்வி: அமெரிக்காவில் நாங்கள் குடியிருக்கும் நகரில், பழைய சமூகக் கூடத்தைப் புதுப்பித்துக் கட்ட 'பிரிவு 108' என்ற மத்திய அரசுக் கடனை வாங்கப் போகிறார்கள். இதனால் வீட்டு வரி ஏறுமா? என் அம்மா அங்குதான் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் போகிறார். அவருக்குக் கிரீன் கார்டு மட்டுமே உண்டு. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசலாமா?

பதில்: தாராளமாகப் பேசலாம். அந்தக் கூட்டம் நகரில் வசிப்பவர்களுக்கானது, குடியுரிமை தேவையில்லை. ஆங்கிலம் தெரியாதவர்கள் கணிசமாக வருவார்கள் என்றால் அதற்கு ஏற்பாடு செய்வது நகராட்சியின் கடமை. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று இன்றே எழுதிக் கேளுங்கள்.

இனி கடனுக்கு வருவோம். 1974ஆம் ஆண்டின் வீட்டுவசதி, சமூக மேம்பாட்டுச் சட்டத்தின் 108ஆம் பிரிவில் வருவது இது. பணம் தனியார் முதலீட்டாளர்களிடமிருந்து வருகிறது. மத்திய வீட்டுவசதித் துறை ஜாமீன் நிற்கிறது. அதனால்தான் வட்டி குறைவு. உங்கள் நகரம் ஈடாக வைப்பது, அத்துறை ஆண்டுதோறும் தரும் சமூக மேம்பாட்டு மானியத்தை. அந்த மானியத்தைப் போல ஐந்து மடங்கு வரை வாங்கலாம். திருப்பிக் கட்ட அதிகபட்சம் 20 ஆண்டுகள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மானியம் ஆண்டுக்கு 10 லட்சம் டாலர், கடன் 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். தவணையை மானியத்திலிருந்தே கட்டினால், 20 ஆண்டுகளுக்கு அசல் மட்டுமே ஆண்டுக்கு 2 லட்சம், வட்டி தனி. அதே மானியத்திலிருந்து முதியோர் உணவு, குழந்தைகள் பராமரிப்பு போன்ற சேவைகளுக்குச் செலவிட ஏறத்தாழ 15 சதவீதம்தான் உச்சவரம்பு, அதாவது 1.5 லட்சம். நகரத்தின் எல்லாச் சேவைகளுக்கும் கிடைப்பதைவிடத் தவணை பெரியது! எனக்குக் கவலை தருவது வரியைவிட இதுதான். ஏழை வீடுகளின் கூரையைப் பழுதுபார்க்கும் பணமும் இதே பானையிலிருந்துதான் வருகிறது.

வரி தானாக ஏறாது. ஆனால் மானியத்துடன் கூடுதல் ஈடும் கேட்பார்கள். நகரம் தன் பொது வருவாயையே எழுதிக் கொடுத்திருந்தால், நாடாளுமன்றம் மானியத்தைக் குறைக்கும் ஆண்டில் தவணை உங்கள் வரிப்பணத்தைத் தொடும். விண்ணப்ப வரைவை நகராட்சி வெளியிட்டாக வேண்டும். அதில் 'கூடுதல் ஈடு', 'திருப்பிச் செலுத்தும் ஆதாரம்' என்ற இரண்டு பத்திகளையும் முதலில் படியுங்கள். கூடத்தின் வாடகை வருமானமோ வேறு நிதியோ அங்கே குறிப்பிடப்பட்டிருந்தால் நல்லது. மானியம் மட்டும்தான் என்றால், எந்தச் சேவை குறையும் என்று எழுத்தில் கேளுங்கள். புகார்களுக்கு இயன்றவரை 15 வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும் என்பது விதி.

இதனால் கடனே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒழுகும் கூடத்தை ஆண்டுக்கொரு ஒட்டுப்போட்டுக் காப்பாற்ற முடியாது. பெரிய தொகை ஒரே நேரத்தில் கிடைக்க இதுபோன்ற வழிகள் குறைவு. இந்தப் பணத்தில் நகராட்சி அலுவலகம் கட்டிக்கொள்ளவும் விதி இடம் தராது. கட்டி முடித்தபின் விளக்கெரிக்கவும் ஆள் வைக்கவும் ஆகும் செலவுக்கு மட்டும் வேறு பணம் தேட வேண்டும். அதையும் கேட்டு வையுங்கள்.

அம்மா பேசும்போது ஒரே கேள்வி போதும்: வேலை நடக்கும் மாதங்களில் மதியச் சாப்பாடு எங்கே?