பதினான்கு வயது மகள் தனக்கு நடந்த பாலியல் கொடுமையைச் சொல்கிறாள். போலீஸுக்குப் போனால் அவளை அலைக்கழிப்பார்களா?

முதலில் "நீ சொல்றத நம்புறேன், உன்மேல தப்பே இல்ல" என்று அவளிடம் சொல்லுங்கள். "ஏன் அப்பவே சொல்லல?" என்று மட்டும் கேட்காதீர்கள், அதிலேயே பல பிள்ளைகள் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

உங்கள் பயம் நியாயமானது. ஆனால் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012-ன் போக்சோ சட்டம் அதை யோசித்தே எழுதப்பட்டது. வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம், போலீஸார் சீருடையில் வரக்கூடாது, பிள்ளையை இரவில் ஸ்டேஷனில் வைக்கக்கூடாது. பெண் பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், நீங்களும் கூடவே இருக்கலாம்.

சம்பவம் சமீபத்தில் நடந்திருந்தால் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள். எஃப்.ஐ.ஆருக்காகக் காத்திருக்க வேண்டாம், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அன்று போட்டிருந்த உடையைத் துவைக்காதீர்கள், காகிதப் பையில் வையுங்கள்.

அப்புறம், சொந்தக்காரர்கள் "பேசி முடிச்சிடலாம்" என்பார்கள். தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம்.