பேர் பேராக வரும் அந்தப் புரோகிராமுக்கு வேலை கிடைக்குமா?

கொழிஞ்சாம்பாறை அக்காவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்தபோது பேச நேரம் போதவில்லை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நீங்கள் கேட்டது மனதிலேயே நிற்கிறது. "பிசிஏ ரெண்டாம் வருசம் வந்துட்டா. ராத்திரியெல்லாம் முழிச்சுச் செஞ்சேன்னு காட்டுறா. பார்த்தா யார் யாரோ பேரு வரிசையா வருது. இதுக்கு யாருங்க சம்பளம் குடுப்பாங்க?"

பேருக்குச் சம்பளம் இல்லைதான். அதை வரவழைக்கத் தெரிந்ததற்கு உண்டு.

நீங்கள் தினமும் சொசைட்டியில் பால் ஊற்றுகிறீர்கள். ஊற்றியதும் லிட்டர், கொழுப்பு, தொகை எல்லாம் அடித்துச் சீட்டு வருகிறது. அந்தச் சீட்டுக்குப் பின்னால் ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. அதைச் சொசைட்டியில் வைப்பதற்கு முன்னால், எழுதியவர்கள் ஓட்டிப் பார்த்தாக வேண்டும். நானூறு பேர் ஊற்றினால் கணக்கு நிற்குமா? ஒரே பேரில் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் பணம் இன்னொருவருக்குப் போய்விடுமா? இதைப் பார்ப்பதற்கு உங்கள் பேரையும் போன் நம்பரையும் போடக் கூடாது. ஏதாவது பிசகினால் ஊற்றாத பாலுக்கு உங்கள் போனில் மெசேஜ் வந்து நிற்கும். தனிநபர் விவரங்களைக் காப்பதற்கென்று 2023இல் சட்டமே வந்துவிட்டது. அதனால் இல்லாத ஆட்களின் பேர் வேண்டும், அதுவும் நூற்றுக்கணக்கில். ரேண்டம்யூசர் மாதிரி இணையச் சேவைகள் இருப்பது அதற்காகத்தான். ஒரே தடவையில் 5,000 பேர் வரை கேட்கலாம். இந்தியப் பேராகத் தா என்றும் கேட்கலாம்.

பாப்பா பைத்தான் என்ற புரோகிராம் மொழியில், ரிக்வெஸ்ட்ஸ் என்ற லைப்ரரியை (வேறு யாரோ எழுதி வைத்த தயார்ப் புரோகிராம் தொகுப்பு) வைத்து அந்தச் சேவையிடம் கேட்டிருக்கிறாள். பதில் ஜேசன் என்ற வடிவத்தில் வரும். பேர், ஊர், மெயில் எல்லாம் அடுக்குக்குள் அடுக்காக இருக்கும். அதற்குள் கைவிட்டுப் பேரை மட்டும் எடுத்திருக்கிறாள். மொத்தம் பன்னிரண்டு வரி. ஆனால் உங்கள் போனில் இருக்கும் பேங்க் ஆப்பும் இதே மாதிரிதான் இன்னொரு கம்ப்யூட்டரிடம் கேட்டு வாங்குகிறது.

அவளிடம் ஒரு சின்னச் சோதனை வைத்தேன், நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். போனில் ஹாட்ஸ்பாட்டை நிறுத்திவிட்டு மறுபடி ஓட்டச் சொன்னேன். திரை முழுக்கப் பிழைச் செய்தி கொட்டியது, முகம் வாடிவிட்டது. அவள் தேற வேண்டிய இடம் அதுதான், அக்கா. நெட் இருக்கும்போது எல்லாருடைய புரோகிராமும் ஓடும். பேர் தருகிற அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர், அதாவது சர்வர், பதிலே சொல்லாவிட்டால்? எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று நாம் சொல்லி வைக்காவிட்டால், ரிக்வெஸ்ட்ஸ் தானாகக் கைவிடாது, காத்துக்கொண்டே இருக்கும். நிறையக் கேட்டுவிட்டோம் என்று சர்வர் 429 என்ற எண்ணைத் திருப்பி அனுப்பினால் சற்றுப் பொறுத்துக் கேட்கத் தெரிய வேண்டும். இன்டர்வியூவில் நான் உட்கார்ந்தால் இதைத்தான் கேட்பேன்.

இன்னொன்று, இதை அவளால் மட்டும் நன்றாகச் செய்ய முடியும். அந்தச் சேவை முதல் பேர், கடைசிப் பேர் என்று இரண்டாகப் பிரித்துத் தருகிறது. நமக்கேது கடைசிப் பேர்? அப்பா பேரின் இனிஷியல்தானே. அவள் வகுப்பிலேயே வீட்டுப் பேரோடு வரும் மலையாளப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், இனிஷியலோடு வரும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கடைசிப் பேர் கட்டாயம் என்று ஃபாரம் அடம்பிடித்து எத்தனை பேர் இனிஷியலை அங்கே திணித்திருக்கிறோம்! இரண்டு வழக்கத்துக்கும் ஒத்துவரும் பேர்களை அவள் உருவாக்கிக் காட்டட்டும். ஃபேக்கர் என்று இன்னொரு லைப்ரரி இருக்கிறது. அது நெட் இல்லாமலே பேர் தரும், தமிழ்ப் பேர்த் தொகுப்பும் அதில் உண்டு. விதை எண் ஒன்றைக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு தடவையும் அதே பேர்களே திரும்ப வரும். நேற்றுக் கண்ட பிழையை இன்று மறுபடி வரவழைத்துப் பார்க்க அது வேண்டும். தமிழ் எழுத்தில் பேர் போட்டால் இன்னொரு சங்கதியும் பிடிபடும்: 'தமிழ்' என்பது நமக்கு மூன்று எழுத்து, பைத்தான் ஐந்து என்று எண்ணும். ஏன் என்று அவளே கண்டுபிடிக்கட்டும், சொல்லிவிடாதீர்கள்.

கோயம்புத்தூரில் பணம் கட்டிச் சேரும் கோர்ஸ் பற்றிக் கேட்டீர்கள். இப்போது வேண்டாம். கறவை மாட்டை விற்றுக் கட்டுகிற அவசரம் எதுவும் இல்லை. ஐஐடிகளின் இணையப் பாடத் தளமான என்பிடெல்லில் பைத்தான் பாடம் இலவசமாகப் படிக்கலாம், பரீட்சை எழுதினால்தான் கட்டணம். கேரளப் பள்ளியில், விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் லினக்ஸில் கம்ப்யூட்டர் படித்து வந்தவள், அந்தப் பழக்கம் அவளுக்கு ஏற்கெனவே இருக்கிறது. ஏஐயே எழுதித் தந்துவிடுமே என்ற பயமும் உங்களுக்கு இருக்கிறது. எழுதித் தரும். அந்தப் பன்னிரண்டு வரியில் எது எதற்கு என்று கேட்டால் வாயைத் திறந்து சொல்ல வேண்டியவள் இவள்தான்.

இந்த மாதம் இவ்வளவு போதும்: நெட் போனாலும் விழாத புரோகிராம், இனிஷியலோடு நூறு பேர், அதை எப்படிச் செய்தாள் என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு பக்கம். மூன்றையும், எழுதிய புரோகிராமை மற்றவர்கள் பார்க்க வைக்கும் கிட்ஹப் தளத்தில் போடட்டும். முடிந்ததும் சாயங்காலப் பால் ஊற்றி வந்த பிறகு பத்து நிமிஷம் அவள் பக்கத்தில் உட்காருங்கள். ஹாட்ஸ்பாட்டை நீங்களே நிறுத்துங்கள். என்ன ஆனது என்று உங்களுக்குப் புரிகிற மாதிரி அவள் சொல்லிவிட்டால் எனக்கு ஒரு போன் போடுங்கள், அடுத்ததைப் பேசலாம்.