பூக்கல் வரத் தாமதம்: கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கானாடுகாத்தான் வாசகர் ஒருவர், மகன் திருமணத்துக்காகப் பழைய வீட்டைப் புதுப்பிக்கிறார். ஆவணி முதல் வாரம் தொடங்கிய வேலை தை பிறப்பதற்குள் முடிய வேண்டும். மழையால் ஆத்தங்குடிப் பூக்கல் (தளத்தில் பதிக்கும் வண்ணக் கல்) வர 20 நாள் தாமதமாகும், அதனால் மொத்த வேலையும் 20 நாள் தள்ளிப்போகும், அதைச் சரிக்கட்ட ஆசாரிகளையும் பின்கட்டில் குளியலறை கட்டும் ஆட்களையும் கூட்டுவதற்கு 2 லட்சம் ரூபாய் வேண்டும் என்று ஒப்பந்தக்காரர் கேட்கிறாராம். அவர் தந்த அட்டவணையையும் அனுப்பி, கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

கொடுக்க வேண்டாம். காரணம் அந்த அட்டவணையிலேயே இருக்கிறது. அதில் வண்ணப் பட்டைகள் இருக்கின்றனவே தவிர, எந்த வேலை முடிந்தால் எந்த வேலை தொடங்கும் என்பது குறிக்கப்படவில்லை என்பதால் அது உங்கள் கண்ணுக்குத் தெரியவில்லை.

நாட்களை வரிசையாகக் கூட்டிப் பாருங்கள். கூரை ஓடு மாற்ற 25 நாள், அதன்பின் சுவரை வெட்டி வயர் குழாய் பதிக்க 12, சுண்ணாம்புப் பூச்சுக்கு 40, தளத்தில் கல் பதிக்க 20, மெருகும் வர்ணமும் 15. இவை ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தொடங்கக்கூடியவை. கூட்டினால் 112 வேலை நாட்கள். வீட்டில் இதைவிட நீளமான தொடர் வேறில்லை. இதைத்தான் பொறியாளர்கள் கிரிட்டிக்கல் பாத் என்கிறார்கள். இதில் ஒரு நாள் தவறினால் வீடு ஒரு நாள் தவறும்.

பூக்கல் தயாராகி வருவது இந்தத் தொடரில் இல்லை. கல் தயாராக 45 நாள் என்று போட்டிருக்கிறார். 20 நாள் தாமதம் சேர்த்தால் 65. ஆனால் பூச்சு முடிந்து தளம் தொடங்குவதே 77 நாட்களுக்குப் பிறகுதான். கல் 65ஆம் நாள் வந்தாலும் 12 நாள் சும்மா அடுக்கிக் கிடக்கும். பணம் கேட்கப்படும் ஆசாரி வேலைக்கு 55 நாள். அது மெருகு தொடங்குவதற்குள் முடிந்தால் போதும். மெருகு தொடங்க 97 நாள் ஆகுமாதலால் 42 நாள் இடமிருக்கிறது. குளியலறைக் கட்டு, பூச்சும் குழாய் மாட்டுவதும் சேர்த்து 65 நாள். மொத்த 112 நாளில் அதற்கு 47 நாள் இடம். அந்த 47 நாள் சுவர், பூச்சு, குழாய் ஆகிய மூன்று வேலைக்கும் பொதுவானது. தனித்தனியே 47 என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்படி ஏற்கெனவே நாள் மிஞ்சிய இடத்தில் ஆளைக் கூட்டினால் அந்த மூலை சீக்கிரம் முடியுமே தவிர, வீடு முடியும் நாள் ஓர் அங்குலமும் முன்னால் நகராது.

இந்தக் கணக்கு பிறந்ததே இந்தக் கேள்விக்காகத்தான். 1957இல் அமெரிக்காவின் டூபான்ட் நிறுவனமும் ரெமிங்டன் ராண்டும் சேர்ந்து இதை உருவாக்கத் தொடங்கியபோது, எந்த வேலைக்குக் கூடுதல் பணம் கொடுத்தால் மொத்த நாள் குறையும் என்பதே டூபான்டின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்டின் ஜேம்ஸ் கெல்லியும் தேடிய விடை. நம் ஊரிலோ வேலை கொடுப்பவர்கள் ஒப்பந்தப்புள்ளிக்கு அட்டவணை கேட்பார்கள், முத்திரை குத்துவார்கள், கோப்பில் வைத்துவிடுவார்கள். கடன் தரும் வங்கியும் எத்தனை சதவீதம் முடிந்தது என்று பார்க்குமே தவிர, எது எதற்காகக் காத்திருக்கிறது என்று கேட்காது. பட்டை வரைந்து கொடுத்தால் போதும் என்று ஒப்பந்தக்காரர்கள் பழகியதற்கு இவர்களே காரணம்.

ஒரே ஒரு விதிவிலக்கைக் கவனியுங்கள். இந்தக் கணக்கு ஆட்கள் வேண்டிய மட்டும் கிடைப்பார்கள் என்று எடுத்துக்கொள்கிறது. சுண்ணாம்புப் பூச்சு தெரிந்த கொத்தனார் குழு உங்களுக்கு ஒன்றுதான். குளியலறைச் சுவர் 45ஆம் நாள் எழும்பிவிட்டதே என்று அதே குழுவைப் பின்கட்டுக்கு 10 நாள் அனுப்பினால், வளவு, பட்டாலை என்று உள்வீட்டில் பூச்சு அப்படியே நிற்கும். 77 என்பது 87 ஆகும், 112 என்பது 122 ஆகும். அட்டவணையில் இது எங்கும் தெரியாது, ஏனென்றால் இரு வேலைகளுக்கும் இடையே தொடர்பு எதுவும் இல்லை, ஆள் மட்டுமே ஒன்று. உள்வீட்டுப் பூச்சு முழுவதும் முடிந்த பிறகு அவர்களைப் பின்கட்டுக்கு அனுப்பினால் 87ஆம் நாள் பூச்சும் 97ஆம் நாள் குழாயும் முடியும். அப்போதும் 15 நாள் மிஞ்சும். எனவே எந்தக் குழு எந்த நாளில் எங்கே என்று பெயர் போட்டு எழுதி வாங்குங்கள். ஒப்பந்தக்காரர் சாதாரணமாகச் செய்வது இதற்கு நேர்மாறு. குளியலறைக்குப் பில் போடலாம் என்றால் ஆளை அங்கே இழுத்துவிடுவார்.

பூக்கல்லைத் தரகர் மூலம் வாங்கியிருந்தால் மழை என்ற சொல்லை அப்படியே நம்பாதீர்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு ஆர்டரைத் தாமதமாகக் கொடுத்துவிட்டுப் பழியை வானத்தின் மேல் போடுபவர்கள் உண்டு. ஆத்தங்குடி பக்கத்தில்தான், பட்டறைக்கே போய், கண்ணாடியில் வார்த்தது எத்தனை, தண்ணீர்த் தொட்டியில் ஊறுவது எத்தனை என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

மழையால் உண்மையில் கெடக்கூடியது சுண்ணாம்புப் பூச்சுதான். ஒரு பூச்சு இறுகாமல் அடுத்ததைப் போட முடியாது. ஐப்பசி ஈரத்தில் எத்தனை ஆட்களை நிறுத்தினாலும் சுவர் அவசரப்படாது. அங்கே நாள் போனால், கல் பதிப்பதில் இரண்டாவது குழுவைப் போட்டோ, பூச்சு முடிந்த முகப்பில் தளத்தை முதலில் தொடங்கியோ மீட்கலாம். தளத்தை முன்னால் இழுக்கும்போது, கல்லுக்கு இருக்கும் 12 நாளைத் தாண்டி இழுக்காதீர்கள். தாண்டினால் கல்லே தடையாகிவிடும். பணம் கொடுப்பதானால் அந்தக் கல் பதிக்கும் குழுவுக்குக் கொடுங்கள், அதுவும் பூச்சு எத்தனை நாள் பின்தங்கியிருக்கிறது என்று ஒப்பந்தக்காரர் கையெழுத்துப் போட்டுத் தந்த பிறகு.