வராத கேமராவுக்கு அட்வான்ஸ் கொடுக்கலாமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேமராவைப் பற்றியவை. அந்தக் கேமரா இன்னும் வரவில்லை. பழைய பிலிம் கேமரா தோற்றத்தில் புது மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத டிஜிட்டல் கேமரா) ஒன்று வரப்போகிறது என்று ஊரெல்லாம் பேச்சு. கம்பெனி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதனால் கம்பெனி பெயரை எடுத்துவிட்டுத்தான் கேள்விகளைப் போட்டிருக்கிறேன். வதந்திக்கு நானும் ஒரு கை கொடுத்த மாதிரி ஆகிவிடக்கூடாது.

கேள்வி: ஒன்றரை வருடமாகச் சேர்த்து 1,80,000 ரூபாய் கையில் இருக்கிறது. ரெட்ரோ மாடல்தான் வேண்டும். கடைக்குக் கிளம்பினால் நண்பர்கள் தடுக்கிறார்கள். இரண்டு மாதத்தில் புதுசு வருகிறதாம். லென்ஸிலேயே அப்பர்ச்சர் வளையம் (வெளிச்சம் நுழையும் துளையைத் திருகிக் கூட்டிக் குறைப்பது), பித்தளை டயல், விலையும் குறைவு என்று யூடியூபில் படத்தோடு காட்டுகிறார்கள். காத்திருக்கலாமா? (கோவை வாசகர்)

பதில்: நண்பர்கள் சொல்வதில் ஒரு பங்கு உண்மையாகவே இருக்கலாம். அது எந்தப் பங்கு என்று கண்டுபிடிக்க, இந்தப் பேச்சு எங்கே பிறக்கிறது என்று பார்க்கவேண்டும்.

இன்றைக்கு அநேகமாக எல்லாக் கேமராவிலும் வைஃபை, புளூடூத் இருக்கிறது. அலைவரிசையில் பேசும் எந்தப் பொருளையும் விற்கும் முன் அந்தந்த நாட்டின் தொலைத்தொடர்புத் துறையில் பதிவுசெய்தாகவேண்டும். அந்தப் பதிவுகளில் பலவற்றை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதில் கேமராவின் பெயர் இருக்காது. ஒரு குறியீட்டு எண் இருக்கும், எந்த வகை வைஃபை என்று இருக்கும், அவ்வளவுதான். படங்களைக் கொஞ்ச காலம் மறைத்துவைக்கும்படி கம்பெனி கேட்டுக்கொள்ளவும் வழி உண்டு. ஆக, ‘ஏதோ ஒன்று வருகிறது’ என்பது பெரும்பாலும் சரியாக இருக்கும். பித்தளை, வளையம், விலை எல்லாம் அந்த ஒற்றை எண்ணின் மேல் போட்ட வாய்ப்பந்தல்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேல் ஓரத்தில் பிலிமைத் திரும்பச் சுருட்டும் குட்டிக் கைப்பிடி அப்படியே இருக்கிறது. பிலிமே இல்லாத கேமராவுக்கு அது எதற்கு? இன்னொன்று, லென்ஸ் மாட்டும் வாய். உதாரணத்துக்கு நிக்கானை எடுத்துக்கொள்வோம். அதன் பழைய எஃப் மவுண்ட் வாயின் விட்டம் 44 மில்லிமீட்டர், இப்போதைய இசட் மவுண்ட் 55. புது வாயை வைத்தால் கேமராவின் முகத்தில் பாதியை அதுவே அடைத்துக்கொள்ளும். உங்கள் படத்தில் இருப்பதோ அளவான, அழகான சின்ன வாய். 1980-களின் போட்டோ ஒன்றை எடுத்துப் புதுப் பெயரை ஒட்டியிருக்கிறார்கள்.

இதற்கு முன்னால் நடந்ததையும் சொல்கிறேன். 2013 அக்டோபர் கடைசியில் நிக்கான் ஒரு தொடர் விளம்பரம் விட்டது. ஸ்காட்லாந்து மலைப்பக்கம் ஒருவர் கேமராவோடு நடக்கிறார். கேமராவை முழுதாகக் காட்டவில்லை. டயல் திருகும் சத்தமும் ஷட்டர் சத்தமும்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டே உள்ளே கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று வாதாடியவர்கள் உண்டு. முழுச்சட்ட மிரர்லெஸ்தான் (படம் பதியும் சென்சார் பழைய பிலிம் அளவுக்குப் பெரியது) என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு. நவம்பர் 5-ஆம் தேதி டிஎஃப் என்ற அந்தக் கேமரா வந்தது. கண்ணாடி வைத்த டிஎஸ்எல்ஆர். நிக்கானின் டி4 கேமராவில் இருந்த 16 மெகாபிக்சல் சென்சார். வீடியோவே கிடையாது. அமெரிக்காவில் லென்ஸ் இல்லாமல் உடல் மட்டும் சுமார் 2,750 டாலர். மனக்கோட்டை கட்டியவர்கள் நொந்துபோனார்கள். அதே கேமராவை இன்றைக்கும் விற்க மனமில்லாமல் வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். கேமரா ஒன்றும் கெட்டதில்லை. அவர்கள் எதிர்பார்த்த கேமரா வேறு, அவ்வளவுதான். நிக்கானின் முழுச்சட்ட மிரர்லெஸ் வரவே 2018 ஆகிவிட்டது.

2021 ஜூனில் நிக்கானின் இசட் எஃப்சி மிரர்லெஸ். 1982-இல் வந்த எஃப்எம்2 பிலிம் கேமராவின் சாயல், ஆனால் சென்சார் சின்னது. உடனே அடுத்த வதந்தி கிளம்பியது: முழுச்சட்டத்தில் இதே மாதிரி ஒன்று வரும். அது பலித்தது. 2023 செப்டம்பர் 20-இல் இசட் எஃப் வந்தது. பலித்ததிலும் கூத்து உண்டு. ஆசைப்பட்டவர்கள் கேட்டது லென்ஸில் அப்பர்ச்சர் வளையம். கூடவே வந்த 40 மில்லிமீட்டர் லென்ஸ் பழைய லென்ஸ் மாதிரியே வேஷம் கட்டியிருக்கிறது, ஆனால் அதில் அப்பர்ச்சர் எண்கள் இல்லை. மாட்டும் பகுதி பிளாஸ்டிக். யாரும் கேட்காத ஒன்று வந்தது. இரண்டாவது மெமரி கார்டுக்கு, போனில் போடுகிற விரல்நகம் அளவு மைக்ரோ எஸ்டி. அதுவும் அடியில், பேட்டரி மூடிக்குள். டிரைபாடு தகட்டோடு வைத்திருப்பவர் கார்டை எடுக்கத் தகட்டைக் கழற்றிப் பார்த்தால்தான் அந்த எரிச்சல் புரியும். வெள்ளி நிறம் வேண்டும் என்று உட்கார்ந்தவர்கள் 2025 வரை உட்கார்ந்திருந்தார்கள்.

உங்கள் நண்பர்கள் பெருமையடிக்கும் பித்தளை டயல், இசட் எஃப்பில் ஏற்கெனவே இருக்கிறது. அதற்காகக் காத்திருக்க வேண்டாம்.

இனி உங்கள் பணம். 1,80,000 என்பது உடலுக்கான பணம். இசட் எஃப் இந்தியாவில் வந்தபோதே உடல் மட்டும் 1.7 லட்சத்தைத் தாண்டியது. லென்ஸ், கார்டு, பை, ஒரு உபரி பேட்டரி என்று சேர்த்தால் கணக்கு இடிக்கும். வதந்தியில் சொல்லும் டாலர் விலையை இன்றைய ரூபாயால் பெருக்கி ஆறுதல் அடையாதீர்கள். அமெரிக்க விலையில் விற்பனை வரி சேராது. நம் ஊர் எம்ஆர்பியில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்தே இருக்கும். லென்ஸ் மாற்றும் ஆசை இல்லை என்றால் ஃபூஜிபிலிம் எக்ஸ்100 வரிசையையும் கணக்கில் எடுங்கள். லென்ஸ் அதிலேயே பொருத்தியது, அப்பர்ச்சர் வளையமும் உண்டு. ஆனால் அங்கே கதை தலைகீழ். 2020-இல் வந்த எக்ஸ்100வி சமூக ஊடகத்தில் பிரபலமாகி, பழையது புதியதைவிட அதிக விலைக்குப் போனது. ‘அடுத்தது வரட்டும்’ என்று பொறுத்தவர்கள் 2024 பிப்ரவரியில் ஆறாவது மாடல் வந்ததும் பதிவுசெய்துவிட்டு மறுபடி மாதக்கணக்கில் பொறுத்தார்கள்.

அதனால் என் யோசனை இது. இந்த ஞாயிறு கடைக்குப் போய் இருப்பதைக் கையில் பத்து நிமிடம் வைத்திருங்கள். வாங்க வேண்டாம், பிடித்துப் பாருங்கள். எஃப்எம்2 உடல் 540 கிராம். இசட் எஃப் பேட்டரி, கார்டோடு சுமார் 710. உயரமும் 90 மில்லிமீட்டரிலிருந்து 103 ஆகியிருக்கிறது. முன்பக்கம் விரல் பிடிக்க மேடு பெரிதாக இல்லை. கனமான லென்ஸ் போட்டால் மணிக்கட்டு சொல்லிவிடும். கண்ணை எடுக்காமல் ஷட்டர் டயலையும் ஐஎஸ்ஓ டயலையும் திருப்ப வருகிறதா பாருங்கள். பிடித்திருந்து, அடுத்த மாதம் கல்யாணமோ பயணமோ இருந்தால் வாங்கிவிடுங்கள். அவசரம் இல்லையென்றால் கம்பெனி அறிவிக்கும்வரை பொறுங்கள், அறிவித்த பிறகும் ஒரு மாதம் பொறுங்கள். புது மாடல் வந்த கையோடு பழசை விற்றுவிட்டு ஓடுபவர்கள் அந்த மாதத்தில்தான் சந்தைக்கு வருவார்கள். உங்களுக்கு லாபம் அவர்களிடம்.

கேள்வி: எங்கள் ஊர்க் கடையில் அந்தப் புது கேமராவுக்கு ‘ப்ரீ புக்கிங்’ என்று 10,000 ரூபாய் வாங்குகிறார்கள். முதல் பத்துப் பேருக்கு மட்டும் என்கிறார்கள். கொடுக்கலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: கூடாது. கம்பெனி அறிவிக்காத பொருளுக்குக் கடைக்காரரிடம் விலையும் இல்லை, தேதியும் இல்லை, ஒதுக்கீடும் இல்லை. உங்கள் பணத்தை வட்டியில்லாமல் சுழற்றத்தான் அந்தப் பத்துப் பேர்.

நானும் இதில் சூடு பட்டவன். பல வருடம் முன்னால், பெயர் வேண்டாம், ஒரு கடையில் வரப்போகும் கேமராவுக்கு 5,000 ரூபாய் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு விசிட்டிங் கார்டின் பின்பக்கம் ‘கேமரா அட்வான்ஸ் 5000’ என்று எழுதி, தேதி போடாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். கேமரா வந்தது, நான் நினைத்ததைவிட முப்பதாயிரம் கூடுதலாக. வேண்டாம் என்றேன். “பணமா திருப்பித் தர மாட்டோம் சார், பேக் எடுத்துக்குங்க” என்றார். நாலு நடை நடந்தேன். அந்தப் பை இன்னும் வீட்டில் இருக்கிறது, அதில் மின்வாரிய ரசீதுகள் வைத்திருக்கிறோம்.

முறையான முன்பதிவு என்பது அறிவிப்புக்குப் பிறகு வருவது. அப்போதும் கடையின் பெயர் அச்சிட்ட ரசீதில் மாடலின் முழுப் பெயர், நிறம், லென்ஸோடா உடல் மட்டுமா, மொத்த விலை, எந்தத் தேதிக்குள் தரவில்லையென்றால் முழுப் பணமும் திரும்ப வரும் என்பது, இவ்வளவும் எழுத்தில் இருக்கவேண்டும். பணத்தை யுபிஐயிலோ கார்டிலோ கட்டுங்கள், தடயம் இருக்கும். கொடுத்துவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியலாம். பல கடைகள் அந்த அழைப்பு வந்ததும் பையை மறந்து பணத்தை எடுக்கும். அதற்கும் அசையாவிட்டால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட ஆணையத்துக்குப் போகலாம்.

கேள்வி: அப்பாவின் எஃப்எம்2-வும் மூன்று லென்ஸும் வீட்டில் இருக்கின்றன. ரெட்ரோ மிரர்லெஸ் வாங்கினால் அந்த லென்ஸ்கள் அப்படியே பொருந்துமா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: அப்படியே பொருந்தாது, அடாப்டர் வேண்டும். எஃப் மவுண்டில் லென்ஸுக்கும் பிலிமுக்கும் நடுவே 46.5 மில்லிமீட்டர் தூரம்; இசட் மவுண்டில் 16. மிச்சமிருக்கும் முப்பது மில்லிமீட்டரை நிரப்பும் வளையம்தான் அடாப்டர். அப்பாவின் லென்ஸ்கள் கையால் ஃபோகஸ் செய்பவை என்பதால், உள்ளே எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லாத சாதாரண உலோக வளையமே போதும். நிக்கானே விற்கும் விலை உயர்ந்த எஃப்டிஇசட் அடாப்டர் இந்த மூன்றுக்கும் பெரிதாக எதுவும் கூடுதலாகச் செய்யாது. அப்பர்ச்சரை லென்ஸிலேயே திருகவேண்டும். நீங்கள் திருகத் திருக வ்யூஃபைண்டரில் பின்புலம் தெளிவதைப் பார்க்கலாம், பிலிம் காலத்தில் இல்லாத சுகம் அது. ஃபோகஸ் விழுந்த விளிம்புகளில் நிறக்கோடு காட்டும் வசதியும் உண்டு. அப்பர்ச்சர் வளையம் வேண்டும் என்று வதந்திக்குப் பின்னால் ஓடுபவர்கள் பொறாமைப்படட்டும், உங்கள் வீட்டில் மூன்று இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை. தொண்ணூறுகளின் ஆட்டோஃபோகஸ் லென்ஸ், திருகாணி மாதிரி முனையால் கேமரா மோட்டார் ஓட்டும் வகை, அதில் ஒன்று இருந்தால் எஃப்டிஇசட்டிலும் ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது. அடாப்டருக்குள் மோட்டார் கிடையாது. செலவழிக்கும் முன் லென்ஸைக் கண்ணாடிப் பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். நம் கடலோர ஈரத்தில் பீரோவில் கிடந்த லென்ஸில் சிலந்திவலை மாதிரி பூஞ்சை படர்ந்திருக்கும். அப்புறம், எஃப்எம்2-வை விற்றுவிடாதீர்கள். அதன் பேட்டரி ஒளி அளக்க மட்டுமே; பேட்டரி செத்தாலும் ஷட்டர் 1/4000 வரை அடிக்கும். எந்த மிரர்லெஸ்ஸும் அதைச் செய்யாது.

கேள்வி: ஜப்பானில் இருக்கும் அத்தான் வாங்கி வருகிறேன் என்கிறார். லாபமா? (சேலம் வாசகர்)

பதில்: அங்கே விற்கும் சில மாடல்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும், மாற்றவே முடியாது. சோனியில் இது வழக்கம். கடையில் ஆன் செய்து ஆங்கிலம் வருகிறதா என்று அத்தான் பார்க்கட்டும். விமான நிலையத்தில் வரியில்லா வரம்புக்கு மேல் சுங்கம் உண்டு. வாரண்டி இங்கே செல்லுமா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். இதெல்லாம் போக மிச்சம் பத்தாயிரம்கூட நிற்காவிட்டால் அத்தானைச் சிரமப்படுத்தாதீர்கள்.

உள்ளூரிலும் ‘பில் இல்லாமல் என்றால் குறைச்சல்’ என்று ஒரு சரக்கு ஓடும். பெட்டியில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எம்ஆர்பி அச்சிட்ட ஸ்டிக்கர் இல்லையென்றால் அது அந்தச் சரக்குதான்.

கேள்வி: ரெட்ரோ கேமராவில் படம் தனி அழகாக வருமாமே? (சென்னை வாசகி)

பதில்: இசட் எஃப்சிக்குள் இருப்பது 2019-இல் வந்த இசட் 50-இன் அதே 20.9 மெகாபிக்சல் சென்சார். இரண்டிலும் ஒரே லென்ஸில் எடுத்த படங்களைக் கலந்து வைத்தால் எடுத்தவருக்கே பிரித்துச் சொல்ல வராது. டயலைத் திருகும் ஆசைக்குக் கொடுக்கிற பணம் என்று தெரிந்து கொடுத்தால் தப்பில்லை. எடுத்துக்கொண்டு வெளியே போகத் தோன்றுகிற கேமராவில் படம் அதிகம் எடுப்போம், அது உண்மைதான். படம் மட்டும் போதும் என்றால், இசட் எஃப்பைவிடக் குறைந்த விலைக்கு 2025-இல் வந்த இசட் 5 இரண்டாம் மாடலைக் கடையில் கேட்டுப் பாருங்கள். பார்க்கச் சாதாரணமாக இருக்கும், பிடிக்க வசதியாக இருக்கும், அதைப் பற்றி யாரும் வதந்தி கிளப்ப மாட்டார்கள்.