பைபாஸ் முடிந்த அப்பாவை இதய நோயாளிகள் குழுவுக்கு அழைத்துப் போகலாமா?

கேள்வி கேட்டவர் அம்பாசமுத்திரத்துக்காரர். அப்பாவுக்கு 63 வயது, பைபாஸ் முடிந்து பத்து வாரம் ஆகிறது. புண் ஆறிவிட்டது, டாக்டரும் நடக்கச் சொல்லிவிட்டார், ஆனால் மனிதர் திண்ணையைத் தாண்ட மாட்டேன் என்கிறார். இதய நோயாளிகள் கூடிப் பேசுகிற குழுவில் சேர்த்துவிட்டால் தேறுவாரா, இல்லை நாலு பேர் கதையைக் கேட்டு இன்னும் பயந்துவிடுவாரா என்று கேட்டிருக்கிறார்.

இரண்டும் நடக்கும். முதலில் வருவது பயம்தான்.

நான் பாளையங்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். 2018இல், 49 வயதில், எனக்கு மாரடைப்பு வந்தது. வலி நெஞ்சில் இல்லை, தாடையிலும் இடது தோளிலும்தான். வாயுப்பிடிப்பு என்று நினைத்து ஒரு சோடா குடித்தேன். அப்புறம் பெருங்காயம் போட்ட மோர். அப்புறம் கடைப் பையனைத் தோளை நீவிவிடச் சொன்னேன். இப்படியே மூன்று மணி நேரம் போயிற்று. இதய தசைக்கு ரத்தம் நின்றுபோனால் ஒவ்வொரு நிமிஷமும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டிருக்கும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கிற வலைக்குழாய், அதாவது ஸ்டென்ட், இரண்டு வைத்து அனுப்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் இருந்தவரை பயமில்லை. தலைமாட்டில் மானிட்டர் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்த முதல் ராத்திரி அந்தச் சத்தம் இல்லாததுதான் பயமாக இருந்தது. இடது பக்கம் திரும்பிப் படுத்தால் காதுக்குள் துடிப்பு கேட்கும். வலது பக்கம் படுத்தால் கேட்காது, நின்றுவிட்டதோ என்று தோன்றும்.

ஒரு மாதம் கழித்துக் கடையில் உட்கார ஆரம்பித்தேன். உளுந்து வாங்க வந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் என் முகத்தைப் பார்த்தார். கடைக்காரன் என்பதால் தெருவே என்னை அண்ணாச்சி என்னும், நான் அண்ணாச்சி என்று கூப்பிடுகிற ஆட்களில் அவர் ஒருவர். நெஞ்சு எப்படி இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறீரா என்றெல்லாம் கேட்கவில்லை. “ராத்திரி எத்தன தரம் நாடி புடிச்சுப் பாக்கீரு?” என்றார்.

கையும் களவுமாக மாட்டிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது. வீட்டில் ஒருத்தருக்கும் தெரியாத விஷயம் அது. நான் வாயைத் திறப்பதற்குள் சட்டையின் மேல் பொத்தான் இரண்டைக் கழற்றி, தொண்டைக் குழிக்குக் கீழே ஆரம்பித்து நேராக இறங்குகிற தழும்பைக் காட்டினார். “எனக்கும் ஜிப்பு வச்சிருக்காங்க வே. ஆறு மாசம் நானும் எண்ணிக்கிட்டுத்தான் கெடந்தேன். ஞாயித்துக்கிழம மைதானத்துக்கு வாரும்.”

வ.உ.சி. மைதானத்தில் நடந்து முடித்துவிட்டுப் படிக்கட்டில் உட்கார்ந்து பேசுகிற எட்டுப் பத்துப் பேர், அவ்வளவுதான் எங்கள் குழு. பெயர் கிடையாது, சந்தா கிடையாது. மற்றவர்கள் எங்களை ‘ஹார்ட்டு கோஷ்டி’ என்பார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் டுவைட் ஹார்கன் என்ற இதய அறுவை மருத்துவரும் அவரிடம் ஆபரேஷன் செய்துகொண்ட நான்கு பேரும் சேர்ந்து 1951இலேயே ‘மெண்டட் ஹார்ட்ஸ்’ என்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்களாம். அதன் முக்கிய வேலையே, ஆபரேஷன் முடித்துத் தேறியவர் புது நோயாளியைப் போய்ப் பார்த்துவிட்டு வருவது. இதை நான் பின்னால் ஒரு கட்டுரையில் படித்தபோது சிரிப்பு வந்தது. தபால்கார அண்ணாச்சி அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. அவர்பாட்டுக்கு உளுந்து வாங்க வந்தார்.

சரி, அங்கே என்ன பேசுவோம்? டாக்டரிடம் கேட்க வெட்கப்படுவதை. அவர் அறையில் நமக்குக் கிடைப்பது சில நிமிஷம், வெளியே கூட்டம், பக்கத்தில் மகனோ மருமகளோ நிற்பார்கள். ‘மனைவியோடு சேரலாமா’ என்று எப்படிக் கேட்பது? படியில் உட்கார்ந்தபடி ஒரு ரிட்டயர்டு வாத்தியார் அதை ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார்: வலியோ மூச்சிரைப்போ இல்லாமல் இரண்டு மாடி ஏற முடிந்தால் பெரும்பாலும் பயப்பட வேண்டாம், அவருடைய டாக்டர் சொன்ன கணக்கு அது. கூடவே, நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கிற சார்பிட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் அந்த விஷயத்துக்கென்று விற்கிற மாத்திரையைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும் என்பதையும் சொன்னார். இதைத் தெரியாமல் ஒருவர் வாங்கி வைத்திருந்தார் என்பது அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

சார்பிட்ரேட் என்றதும் இன்னொன்று. எங்களில் ஒருவர் அதைப் பூஜை அலமாரியில் பூட்டி வைத்திருந்தார், சாவி மனைவியின் முந்தானையில். மனைவியோ வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில். சிரித்து முடித்த பிறகு எல்லாரும் அவரவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தோம், மூன்று பேரிடம் இல்லை. ஒருவரிடம் இருந்தது காலாவதி ஆனது.

அழுகையைப் பற்றியும் சொல்லவேண்டும். பைபாஸ் முடிந்த ஆண்கள் பலர் காரணமே இல்லாமல் அழுவார்கள். டிவியில் கல்யாணம் ஓடினாலும் கண் கலங்கும், சின்னச் சொல்லுக்கும் கோபம் வரும். பெரிய ஆபரேஷனுக்குப் பிறகு மனம் சோர்ந்துபோவது நிறையப் பேருக்கு உள்ளதுதான். உங்கள் அப்பா திண்ணையைத் தாண்டாமல் இருப்பதும் அதுவாக இருக்கலாம். அடுத்த செக்கப்பில் ‘பேசவே மாட்டேன் என்கிறார்’ என்பதை அவர் முன்னாலேயே டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் மருந்து உண்டு, எங்கள் குழு அந்த மருந்துக்கு மாற்று இல்லை.

உப்புக்கு வருகிறேன், அது என் துறை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள். நாலு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். ஆனால் என் கடையில் நாலு பேர் குடும்பம் மாதம் 1 கிலோ பாக்கெட்டைச் சாதாரணமாகக் காலி செய்கிறது. அப்பளம், மோர்மிளகாய், ஊறுகாய், கருவாடு எல்லாம் இந்தக் கணக்கில் வராது. விற்கிறவன் நானே சொல்கிறேன்.

எங்களில் ஒருவருக்கு இதயத்தின் பம்ப் செய்கிற சக்தி குறைவு. தினமும் காலையில் வெறும் வயிற்றில் எடை பார்த்து நோட்டில் எழுதச் சொல்லியிருந்தார்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, உடம்பில் கட்டுகிற தண்ணீர், உடனே டாக்டரிடம் சொல்லவேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து உட்கார்ந்ததும் தபால்கார அண்ணாச்சி அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். தோல் செருப்பின் வாரில் பழைய ஓட்டையைச் சுற்றித் தேய்ந்த தடம் இருந்தது, கொக்கி அதற்கு அடுத்த ஓட்டையில் மாட்டியிருந்தது. “என்ன வே, செருப்பு சின்னதாயிட்டா?” வியாழக்கிழமை உறவில் ஒரு மறுவீடு. சொதி, இஞ்சிப் பச்சடி, நாலைந்து அப்பளம். அதிலிருந்து நோட்டையும் தொடவில்லை, பயம். அங்கிருந்தே ஆட்டோவில் அனுப்பினோம். நீர் பிரிகிற மாத்திரையைக் கூட்டிக் கொடுத்தார்கள், மறுவாரம் கொக்கி பழைய ஓட்டைக்கு வந்துவிட்டது.

இப்போது கெட்ட பக்கம். இப்படிக் கூடுகிற இடத்தில் அரை வைத்தியர்கள் வந்துவிடுவார்கள். ‘அடைப்பைக் கரைக்கும் கஷாயம்’ என்று ஒருவர் வந்தார். ஒருவர் பல் பிடுங்குவதற்காக ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரையைத் தானாகவே நிறுத்தப் பார்த்தார். ஸ்டென்ட் வைத்த முதல் வருஷம் அதைக் கேட்காமல் நிறுத்துவது ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ள வழி. அடுத்தவர் மாத்திரையைப் பற்றி வாய் திறக்கக்கூடாது என்பது எங்களுடைய ஒரே சட்டம். வாட்ஸ்அப் குழுவும் ஆரம்பித்தோம், ஆறு வாரத்தில் மூடினோம். ‘மாரடைப்பு வந்தால் வேகமாக இருமுங்கள், பிழைத்துக்கொள்வீர்கள்’ என்று ஒரே வாரத்தில் மூன்று பேர் அனுப்பினார்கள். இருமிக்கொண்டிருக்கிற நேரத்தில் 108ஐக் கூப்பிடலாம். உங்கள் பக்கம் கிராமங்களில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முதலில் ஓடினாலும் பயனுண்டு. 2023இலிருந்து தமிழக அரசின் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில், ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், கொழுப்பைக் குறைக்க அட்டோர்வாஸ்டாட்டின் என்று மூன்றிலும் முதல் டோஸை அங்கேயே கொடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறார்கள்.

நீங்கள் கேட்ட பயம். எங்களில் ஒருவர் இறந்துபோனார். சனிக்கிழமை கடைக்கு வந்து கருப்பட்டி விலை கேட்டவர், செவ்வாய்க்கிழமை இல்லை. அடுத்த ஞாயிறு மைதானத்துக்கு வந்தது மூன்று பேர். நான் போகவில்லை. பொய் சொல்வானேன், அந்த இரண்டு வாரமும் மறுபடி நாடியைப் பிடித்தேன். பிறகு அவர் மனைவி, எங்களிடமிருந்து இரவல் வாங்கிய பிரஷர் மிஷினை ஒரு மஞ்சள் பையில் போட்டு என் கடையில் கொண்டுவந்து கொடுத்தார். “அவுக இதத் திருப்பிக் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக” என்றார். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கவாவது ஞாயிற்றுக்கிழமை போகவேண்டியதாயிற்று. போய் அவரைப் பற்றியே பேசினோம். வீட்டில் அந்தப் பேச்சை எடுத்தால் சேனலை மாற்றிவிடுவார்கள்.

ஆகவே அப்பாவுக்கு முதலில் பயம் கூடலாம். ‘குழு’ என்று சொல்லிக் கூட்டிப் போகாதீர்கள், வரமாட்டார். அம்பையில் படித்துறைப் பக்கமோ ரயில்வே ஸ்டேஷன் பக்கமோ காலையில் நடப்பவர்களில் சட்டைக்குள் தழும்பு உள்ளவர் ஒருவராவது இருப்பார். உங்கள் மருந்துக்கடைக்காரருக்கு ஆள் தெரியும். உங்கள் நம்பரைக் கொடுத்து, அவர்களிடம் கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அந்த ஆள் ஒருநாள் வழியில் பார்த்த மாதிரித் திண்ணைக்கு வரட்டும். மூன்று பேர் சேர்ந்தால் போதும், அதற்குமேல் தானாக வளரும்.

இன்னொன்று, அம்மாவை விட்டுவிடாதீர்கள். எங்கள் படிக்கட்டில் பெண்கள் ஒரு பக்கமாக உட்கார்ந்திருப்பார்கள். வால்வு மாற்றிக்கொண்ட ஒரு அக்காவும் உண்டு. ரத்தம் உறையும் அளவைப் பார்க்க ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்வருவார், முருங்கைக்கீரையை ஒரு வாரம் அள்ளிச் சாப்பிட்டு மறுவாரம் விடக்கூடாது, அளவு மாறிவிடும் என்று எல்லாருக்கும் பாடம் எடுப்பார். மற்றவர்கள் எங்கள் மனைவிமார். என் மனைவி முதன்முதலாக வந்த அன்று தபால்கார அண்ணாச்சியின் மனைவியிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. “இவுக தூங்கின பொறவு மூக்குக்கிட்ட வெரல வச்சுப் பாப்பேன் மைனி. மூச்சு பட்டாத்தான் எனக்கு உறக்கம்.”

நான் தூங்கியிருக்கவில்லை. அந்த நேரமெல்லாம் போர்வைக்குள் நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டு, அவள் பயந்துவிடக்கூடாதே என்று தூங்குவதுபோல் கிடந்தேன். அந்த விரல் வாசம்கூட எனக்குத் தெரியும், பூண்டு. அன்று வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன். அரை மணி நேரம் என்னைத் திட்டினாள்.