ஆஸி போன பிறகும் பிளாக் சபாத் இருந்தது

"ஆஸி ஆஸ்போர்ன் இல்லாத பிளாக் சபாத் ஆல்பங்களைக் கேட்கலாமா? எதிலிருந்து தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் கேளுங்கள். பிளாக் சபாத் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்த ஹெவி மெட்டல் குழு; ஆஸி அதன் முதல் பாடகர். பாடகர் மாறினால் குழுவே மாறிவிடும் என்பது பல குழுக்களுக்குப் பொருந்தலாம். சபாத்தின் அடையாளம் டோனி அயோமியின் கிட்டார். பதினேழு வயதில் தொழிற்சாலை இயந்திரத்தில் வலக்கை விரல் நுனிகளை இழந்தவர் அவர். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு வாசித்தார். குழுவின் எல்லா ஆல்பங்களிலும் இருக்கும் ஒரே மனிதரும் அவர்தான்.

1979இல் ஆஸியைக் குழு வெளியேற்றியது. அடுத்து வந்தவர் ரானி ஜேம்ஸ் டியோ. ஆஸி பெரும்பாலும் கிட்டார் போகும் வழியிலேயே பாடுவார். 'அயர்ன் மேன்' பாட்டில் கிட்டார் வாசிக்கும் மெட்டுதான் அவர் பாடுவதும். டியோவோ கிட்டாருக்குக் குறுக்கே தனக்கென ஒரு மெட்டு கட்டுவார். 1980இல் வந்த 'ஹெவன் அண்ட் ஹெல்' தலைப்புப் பாட்டைக் கேளுங்கள். அவர் பாடத் தொடங்கியதும் கிட்டார் ஒதுங்கிக்கொள்கிறது. கீஸர் பட்லரின் பேஸ் கிட்டார் மட்டும் குதிரை நடையில் கூடவே போகிறது. அந்த இடைவெளி பழைய சபாத்தில் இல்லாதது. உங்களுக்கு நான் சொல்லும் முதல் ஆல்பம் இதுதான்.

1983இல் டீப் பர்ப்பிள் குழுவின் பாடகராகப் புகழ்பெற்ற இயான் கில்லன் வந்து 'பார்ன் அகெய்ன்' என்ற ஒரே ஆல்பத்தோடு போய்விட்டார். ஒலிப்பதிவு கலங்கலாக இருக்கும். அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நான் உண்மையில் எழுத வந்தது பாடகர் டோனி மார்ட்டினைப் பற்றி. அவரும் சபாத் பிறந்த பர்மிங்காம்காரர்தான். 1987இல் 'தி எடர்னல் ஐடல்' ஆல்பத்துக்கு ரே கில்லன் என்ற இன்னொரு பாடகர் ஏற்கெனவே பாடிப் பதிவு செய்திருந்த பாட்டுகளை மறுபடி பாடும் வேலையோடு உள்ளே வந்தார். பிறகு நான்கு ஆல்பங்கள். இடையில், 1992இல் வந்த 'டீஹியூமனைசர்' ஆல்பத்துக்காக டியோவை அழைத்தபோது மார்ட்டின் ஒதுக்கப்பட்டார். டியோ விலகியதும் மறுபடி அழைக்கப்பட்டார். அவ்வளவுக்கும் பிறகு அவர் 'கிராஸ் பர்ப்பஸஸ்' ஆல்பத்தில் பாடியிருப்பதைக் கேட்டால் எனக்கு மனம் கனத்துவிடும்.

அவருடைய உச்சம் 1989இல் வந்த 'ஹெட்லெஸ் கிராஸ்'. ஒரு நிமிடம் இருட்டில் காற்று வீசுவது போன்ற ஒலி, உடனே கோசி பவலின் டிரம்ஸ். அவசரமே இல்லாத, ஒவ்வொன்றும் தனியாக விழும் அடிகள். அதன்மேல் அயோமி நுழைகிறார். பாட்டு ஏற ஏற மார்ட்டினின் குரலும் ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் எங்கும் கிறீச்சிடுவதில்லை. இரவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு கேளுங்கள். அதே ஆல்பத்தின் 'வென் டெத் கால்ஸ்' பாட்டில் குயீன் குழுவின் பிரையன் மே ஒரு சோலோ வாசித்திருக்கிறார்.

மார்ட்டின் பாடிய இந்த ஆல்பங்கள் நெடுங்காலம் கடைகளில் கிடைக்கவில்லை. அதனாலேயே ஒரு தலைமுறை கேட்காமலே அவற்றை மட்டம் என்று முடிவு கட்டிவிட்டது. 2024இல் 1989 முதல் 1995 வரையிலான நான்கும் ஒரே தொகுப்பாக வந்தன. எல்லோரும் திட்டிய 'ஃபர்பிடன்' ஆல்பத்தை அயோமியே புதிதாக மிக்ஸ் செய்திருக்கிறார். முன்பு அமுங்கிக் கிடந்த கிட்டார் இப்போது முன்னால் நிற்கிறது.

ஆஸி திரும்பிய '13' ஆல்பம் 2013இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. நல்ல ஆல்பம்தான், ஆனால் பழைய தடத்திலேயே நடக்கிறது. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் குழுவைத் தொடங்கிய பழைய நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். பதினேழு நாள் கழித்து ஆஸி காலமானார். அன்று அவர்கள் வாசித்த நான்கு பாட்டுகளும் 1970இல் வெளிவந்தவை. ஆஸியை வழியனுப்ப அவைதான் பொருத்தம். ஆனால் அதே ஊர்க்காரரான மார்ட்டின் ஐந்து ஆல்பங்கள் பாடிக் கொடுத்திருக்கிறார். 'ஹெவன் அண்ட் ஹெல்' முடிந்ததும் 'ஹெட்லெஸ் கிராஸ்' போடுங்கள்.