பிள்ளை ராத்திரி முழித்திருந்து என்ன செய்கிறாள்?

அண்ணாச்சி,

நீங்கள் போனில் பேசியதிலிருந்து இதே நினைப்புதான். மூன்றாம் வருசம் கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை, திருடர்கள் நுழையட்டும் என்று எதையோ திறந்து வைத்துக்கொண்டு ராத்திரி முழித்திருக்கிறாள், போலீஸ் வந்துவிடுமோ என்று கேட்டீர்கள். தன் சொந்தக் கணினிக்கு யார் வருகிறார்கள் என்று பார்ப்பது குற்றமில்லை. வந்தவனைத் திருப்பித் தாக்கப் போனால்தான் ஐ.டி. சட்டம் 66ஆம் பிரிவு குறுக்கே வரும். அதை மட்டும் பிள்ளையிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

அவள் செய்வதற்கு ஹனிபாட் என்று பெயர், திருடனை ஏமாற்றிக் கவனிக்க வைக்கிற பொய்க் கணினி. பாபநாசம் பக்கம் உங்கள் வாழையில் பன்றி இறங்கினால் மறுநாள் காலையில் வரப்பில் தடம் பார்ப்பீர்கள் இல்லையா, எந்த வழியாக வந்தது, எத்தனை வந்தது என்று? ஹனிபாட் அந்தத் தடம் பதிகிற ஈரமண். அந்தக் கணினியில் யாருக்கும் வேலை கிடையாது. அதனால் அதன் கதவைத் தட்டுகிற எவனும் சந்தேகத்துக்குரியவன்தான்.

பிள்ளை போட்டிருப்பது கவ்ரி என்கிற ஹனிபாட் மென்பொருள். சோழிக்கு இங்கிலீஷில் அந்தப் பெயர்தான். உள்ளே நுழைந்தவனுக்கு லினக்ஸ் ஓடுகிற நிஜக் கணினி போலவே தெரியும், ஆனால் கோப்பெல்லாம் பொய். அவன் அடித்த பாஸ்வேர்ட், தட்டிய கட்டளை, இறக்கிய கோப்பு எல்லாம் பதிவாகிவிடும். 2016இல் மிராய் என்கிற வைரஸ், கம்பெனி வைத்துக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களுக்குள் இப்படித்தான் புகுந்தது. அந்த மாதிரி முயற்சிகள் இன்றும் ஓயவில்லை.

ஒரே கட்டளையில் எல்லாம் நிறுவிக்கொள்ளும் தொகுப்புகளும் இருக்கின்றன. அவள் கையால் செய்கிறாள் என்பதில்தான் எனக்குச் சந்தோசம். முதலில், தூரத்திலிருந்து கணினிக்குள் நுழைய அவள் வைத்திருக்கிற நிஜ வழியை (எஸ்எஸ்ஹெச் என்பார்கள்; வழக்கமாக 22ஆம் எண் கதவு) வேறு எண் கதவுக்கு, அதாவது வேறு போர்ட்டுக்கு மாற்ற வேண்டும். கவ்ரிக்கென்று அதிகாரம் இல்லாத தனிப் பயனர் வேண்டும். கவ்ரி 2222ஆம் போர்ட்டில் காத்துக்கொண்டிருக்கும், 22க்கு வருகிறவர்களை அங்கே திருப்பிவிட வேண்டும். என்னிடம் வந்த ஒரு பையன் இந்த வரிசையை மாற்றிச் செய்துவிட்டான். மறுமுறை நுழைந்தபோது தான் வைத்த பொய்க் கணினிக்குள்ளேயே போய் நின்றான். கணினியை வாடகைக்குக் கொடுத்த கிளவுட் கம்பெனியின் இணையப் பக்கம் வழியாக உள்ளே போய்ப் பார்த்தால், திருடர்கள் பட்டியலில் அவன் பாஸ்வேர்டும் இருந்தது! வேலை நேர்முகத்தில் அதை எப்படிச் சரிசெய்தான் என்று பத்து நிமிசம் பேசினான். சர்டிஃபிகேட்டை அவர்கள் புரட்டிப் பார்க்கவே இல்லை.

உங்கள் வீட்டு இணைப்பில் மட்டும் இதைத் திறந்து வைக்க வேண்டாம். வீட்டுக் கணினி எதோடும் தொடர்பில்லாமல், கிளவுட் கம்பெனியில் வாடகைக்கு எடுத்த தனிக் கணினியில் (விர்ச்சுவல் மெஷின் என்பார்கள்) வைக்கட்டும். அங்கிருந்து வெளியே போகிற வழியை எவ்வளவு அடைக்க முடியுமோ அவ்வளவு அடைக்கட்டும், இல்லையென்றால் அதையே படியாக வைத்து அடுத்தவனைத் தாக்குவார்கள். பிடிபட்ட கோப்பைத் தன் லேப்டாப்பில் திறக்கவே கூடாது. மாத வாடகைக்கு ஒரு வரம்பும் எச்சரிக்கையும் போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

சரி, வேலை கிடைக்குமா? 2022 ஏப்ரலில் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி, தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் கம்பெனிகள் அதற்குத் தகவல் சொல்ல வேண்டும், லாகுகளை (கணினியில் நடந்ததெல்லாம் பதிவான குறிப்புகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். லாக் படிக்கத் தெரிந்த ஆள் இல்லாமல் இது நடக்காது. முதல் வேலை பெரும்பாலும் எஸ்ஓசி அனலிஸ்ட்தான், அதாவது கம்பெனிக் கணினிகளுக்குத் தாக்குதல் வருகிறதா என்று கண்காணிக்கிற வேலை, சென்னையிலோ பெங்களூரிலோ. நைட் ஷிஃப்ட் இருக்கும், அதற்கு இப்போதே மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள். லட்சக்கணக்கில் கேட்கிற கோர்ஸுக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். நெட்வொர்க்கும் லினக்ஸும் ஐஐடிக்காரர்கள் இணையத்தில் நடத்துகிற என்பிடெல்லில் இலவசமாகவே படிக்கலாம்.

பத்து நாள் லாகை வைத்து, எந்தப் பாஸ்வேர்டை அதிகம் முயன்றார்கள், நுழைந்ததும் முதலில் என்ன தட்டினார்கள் என்று நாலு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அதை எடுத்துக்கொண்டு சனிக்கிழமை பாளையங்கோட்டைக்கு இரண்டு பேருமாக வாருங்கள். அவள் விளக்கும்போது நீங்களும் பக்கத்தில் இருந்து கேட்க வேண்டும்.